நாகம்மாள் செய்யும் தப்புகள்

நாகம்மாள் குழந்தையின் காலணியைத் தன் கையில் மாட்டிக்கொண்டு, "சரியாத்தானே கீது?" என்று கேட்கிறாள். எதிரே உட்கார்ந்திருக்கும் மூன்று வயதுப் பொடியன் "ஐயே!" என்று கத்துகிறான். அவளுக்கு அது போதாது. "அப்ப எங்க மாட்டணும்?" "கால்ல!" "காலா? அது எங்க கீது?" அவன் காலைத் தூக்கி அவள் மூக்கருகே நீட்டி, விரல் விரலாக விளக்க ஆரம்பிக்கிறான்.

காலையில் அவளுக்கு ஏரி. கழுத்தளவு தண்ணீரில் குந்தி, சேற்றைத் தடவி, கையாலேயே இறால் பிடிக்கிற குடும்பம். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பதால் அந்நேரம் பேச முடியாது. அதற்கும் சேர்த்துத்தான் கரையேறியதும் பேசுகிறாள் என்பது ஊர்க்கேலி. வெயில் ஏறினால், கோட்டைக்கு வெளியே ஒல்லாந்தர் வீடுகளில் ஆயா. வயது முப்பதைத் தாண்டாது; வளர்த்த பிள்ளைகள் முப்பதைத் தாண்டும்.

"நல்லா செய்றவங்கள பிள்ளைங்க பாத்துனு சும்மா இருக்கும். தப்பா செய்றவங்களத்தான் திருத்த வரும். திருத்தணும்னா வாயத் தொறந்துதானே ஆவணும்?" இதுதான் அவளுடைய சாஸ்திரம் முழுவதும்.

கோட்டையில் இரு தரப்புப் பேச்சையும் மொழிபெயர்க்கும் துபாஷியாக இருக்கும் எனக்கு அவளைத் தெரியவந்தது அன்னெக்கே என்ற குழந்தையால். கிடங்கு மேற்பார்வை பார்க்கும் வில்லெம் துரையின் மகள், தாயில்லாப் பிள்ளை. நாகம்மாள் வாயில் அந்தப் பெயர் 'அன்னக்கா' ஆகிவிட, நான்கு வயதுக் குழந்தையை ஊரே அக்கா என்று கூப்பிட்டது. அக்காவோ எவரையும் எதுவும் கூப்பிடவில்லை. எந்த மொழியிலும் ஒரு சொல் பேசியதில்லை.

கோட்டைப் பள்ளியின் ஒல்லாந்து வாத்தியார் காரணம் கண்டுபிடித்தார். "குழந்தையின் மனம் வாய் குறுகிய குடுவை. அப்பா ஒரு மொழி, ஆயா தமிழ், சமையல்காரி போர்த்துக்கீசு, படகுக்காரன் தெலுங்கு. நான்கையும் சேர்த்து ஊற்றினால் எல்லாம் வழிந்துதான் போகும்."

நான் அதை நாகம்மாளுக்குச் சொன்னேன். "குடுவையா? எந்தக் குடுவைங்க நடந்து போயி சமையக்கட்டுல வெல்லம் திருடுது?" என்றாள். "நான் குந்துன்னா குந்துது. படகுக்கார எல்லப்பன் தெலுங்குல எழுந்திருன்னா எழுந்துக்குது. அல்லாம் உள்ள போயிகினுதான் கீது."

வாத்தியார் மசியவில்லை. இனி குழந்தையிடம் ஒல்லாந்து மொழி தவிர எதுவும் பேசக் கூடாது. இரண்டு மாதத்தில் பேச்சு வராவிட்டால், அடுத்த கப்பலில் கடல் கடந்து பத்தாவியாவிலுள்ள அத்தையிடம் அனுப்பிவிட வேண்டும். துரையும் தலையாட்டினார்.

நாகம்மாள் உத்தரவை மீறவில்லை. குழந்தையிடம் பேசுவதை நிறுத்திவிட்டு, குழந்தை காதில் விழும் தூரத்தில் கோழிகளிடம் பேசினாள். பானையிடம் பேசினாள். சமையல்காரி ஆரோக்கியமேரியிடம் உப்பைக் காட்டிச் சர்க்கரை என்று ஒரு மணி நேரம் வாதாடினாள். கோழிகளோடு என்ன பேச்சு என்று வாத்தியார் கேட்டனுப்ப, "கோழிக்கும் ஒல்லாந்துதான் பேசணுமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அன்னக்கா எல்லாவற்றையும் பார்த்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை.

இரண்டு மாதமும் முடிந்து கப்பல் வந்துவிட்டது. குழந்தையின் துணிகளைப் பெட்டியில் அடுக்கச் சொல்லியிருந்தார்கள். நான் போனபோது நாகம்மாள் ஒரே பாவாடையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். "போற எடத்துல இதுக்கு யாருங்க தப்பு பண்ணிக் காட்டுவாங்க?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை எல்லப்பனின் படகு கரையில் நின்றது. பெட்டி ஏறிவிட்டது. துரை மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு சேற்றில் நின்றார். வழியனுப்ப வாத்தியாரும் வந்திருந்தார். ஏரியிலிருந்து நேரே ஓடிவந்த நாகம்மாள், உடம்பெல்லாம் தண்ணீர் சொட்ட, பறியிலிருந்து ஒரு நண்டை எடுத்து வாத்தியார் முகத்துக்கு நேரே நீட்டினாள். குழந்தையிடம் பேசத்தானே தடை?

"ஐயா, இத்த இன்னான்னு சொல்லுங்க."

தமக்கும் தமிழ் வரும் என்று காட்டக் கிடைத்த சந்தர்ப்பத்தை வாத்தியார் விடவில்லை. "நந்து" என்றார்.

"இன்னாது?"

"நந்து."

"இன்னொரு தபா?"

"நந்து! நந்து!"

துரையின் தோளில் சாய்ந்திருந்த அன்னக்கா நிமிர்ந்தாள். முகம் சுருங்கியது. பொறுத்துப் பார்த்தாள். பிறகு வாத்தியாரிடம், சுத்தமான ஒல்லாந்து மொழியில், "நந்து இல்லை. *நண்டு*" என்றாள்.

அவள் எல்லப்பன் பக்கம் திரும்பி, தெலுங்கில் பெட்டியை இறக்கச் சொன்னாள். அடுத்து நாகம்மாளைப் பார்த்துத் தமிழில், "நீ ஏன் அழுவுற?" என்று கேட்டாள். ஆளுக்கு ஆள் அவரவர் மொழி. ஒன்றுகூட இடம் மாறவில்லை. துரை அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். மகளை இறுக்கிக்கொண்டு அவர் சொன்னது எந்த மொழியென்றே எனக்கு விளங்கவில்லை. எல்லப்பன் மட்டும் யாரையும் கேட்காமல் பெட்டியை இறக்கிக் கரையில் வைத்தான்.

தமது முறை இரண்டே மாதத்தில் பலன் தந்ததாக வாத்தியார் பத்தாவியாவுக்கு நீண்ட கடிதம் எழுதினார். நாகம்மாளிடம் சொன்னேன். "எழுதிக்கட்டுங்க. நண்டுன்னு சொல்ல வந்துச்சாமா அவருக்கு?" என்றாள்.

போன வாரம் அந்த வீட்டுப் பக்கம் போனேன். அன்னக்கா நாகம்மாளின் மடியில் உட்கார்ந்து, கப்பல் எங்கே படுத்துத் தூங்கும், கடலுக்கு யார் உப்புப் போட்டது, துபாஷிக்கு ஏன் காதில் மயிர் என்று மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "விடிஞ்சதுலேர்ந்து இப்பிடித்தாங்க" என்றாள் நாகம்மாள். தலையணைக் கிழிசலிலிருந்து பஞ்சை இணுங்கி, உருட்டி, இடது காதில் அடைத்துக்கொண்டாள். பிறகு குழந்தையைத் தூக்கி, அடைக்காத வலது காதுப் பக்கம் உட்கார வைத்துக்கொண்டாள்.