விரிசல்மேல் தொங்கிய காலண்டர்

கோவில்பட்டியில் அப்பா கட்டிய வீட்டை, தை பிறந்ததும் விற்றுவிடலாம் என்று மார்கழிப் பனியிலேயே தயார்செய்ய ஆரம்பித்தோம். கரிசல் மண்ணில் நிற்கிற வீடு. கோடையில் பூமி வெடிப்பு விடும்போது நடுச்சுவரும் கூடவே வெடிக்கும். மழையில் மண் ஊறியதும் அந்த விரிசல் தானாக மூடிக்கொள்ளும்.

"ஏட்டி, இப்பவே வெள்ளையடிச்சு மேல ஒரு காலண்டர மாட்டிருவோம். யாருக்குத் தெரியப்போவுது?" என்றான் அண்ணன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா யாரையாவது ஏமாற்றியா இந்த வீட்டைக் கட்டினார்? ஆனாலும் சொன்னபடியே மாட்டிவிட்டான்.

தை மாதம் பசுவந்தனையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வீடு பார்க்க வந்தார்கள். அண்ணன் பெருமை அளந்துகொண்டிருக்கும்போதே நான் போய்க் காலண்டரைக் கழற்றினேன்.

"அக்கா, சித்திரையில இங்கன விரல் நுழையுத அளவுக்கு வெடிக்கும்" என்றேன். அண்ணன் முறைத்தான்.

அந்த அம்மாள் சிரித்தார். "நானும் கரிசக்காட்டுக்காரிதான். நுழைஞ்சதுமே காலண்டரத்தான் பார்த்தேன். நீங்களாச் சொல்லுதீங்களான்னு பாத்துக்கிட்டு நின்னேன்."

வீட்டை அவர்களே வாங்கிக்கொண்டார்கள்.

தன் சாமர்த்தியத்தால்தான் வீடு விலைபோனது என்று அண்ணன் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். அவன் புதிதாகக் கட்டிய வீட்டில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் காலண்டர். அங்கே போகும்போதெல்லாம், ஒன்றையாவது தூக்கிப் பார்க்க எனக்குக் கை துடிக்கிறது.