முதல் கூப்பாட்டிலேயே திரும்பிய பன்னிரண்டு பேர்

மிக்கேல் அண்ணாச்சி காலமாகிவிட்டார்கள் என்று கிட்டங்கிக் காவலாளி நேற்று முன்தினம் காலையில் வந்து சொன்னபோது நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வாய் ‘ஐயோ’ என்றது. மனசு ‘அப்பாடா’ என்றது. இந்தப் பாழாய்ப்போன மனசை வைத்துக்கொண்டுதான் அஞ்சலி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தூத்துக்குடியில் சங்கு சேர்த்துவைக்கும் கிட்டங்கியில் அவர்கள் எழுத்தர். நான் பக்கத்து மேசை. சங்கு குளிக்கிறவர்களுக்கு ஆழத்துத் தண்ணீர் காதை அடைத்துவிடும். அதனால் காலையில் ஆள் கூப்பிடும்போது ஒவ்வொரு பெயரையும் அண்ணாச்சி இரண்டு தரம், தொண்டை கிழியக் கூப்பிடுவார்கள். வீட்டிலும் அதே குரல்தான். ரகசியம் என்று ஒன்று அந்த வீட்டில் கிடையாது.

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசித் தேர்தலில் எங்கள் இருவரையும் பக்கத்துக் கடற்கரை ஊர் ஓட்டுச்சாவடியில் உட்காரவைத்தார்கள். முகம் தெரியாத ஊர். அன்று பார்த்து அண்ணாச்சிக்குத் தொண்டை கட்டிவிட்டது. பட்டியலில் சங்கு குளிப்பவர்கள் என்று இருந்த பன்னிரண்டு பெயர்களை முணுமுணுப்பாகத்தான் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு பேரும் முதல் கூப்பாட்டிலேயே திரும்பினார்கள், ஓட்டுப் போட்டார்கள், போனார்கள்.

அதற்குப் பிறகுதான் அண்ணாச்சி பேனாவைக் கீழே வைத்தார்கள். “வே, மெதுவாத்தான கூப்பிட்டேன்? ஒருத்தனுக்குக்கூடவா காது அடைக்கல?”

வந்துபோனது வேறு ஆட்கள் என்று அண்ணாச்சி சாவடி அதிகாரியிடம் சொன்னார்கள். அவரோ, வேலையைப் பாரும் என்றார். கரைக்குத் தள்ளும் கொண்டல் காற்று எழாததால் கடலிலேயே கிடந்த படகுகள், சாவடி மூடிய பிறகு கரைக்கு வந்தன. ஈரத்துணியோடு பன்னிரண்டு பேர் வாசலில் நின்றார்கள். அவர்கள் ஓட்டை யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

மறுநாள் அண்ணாச்சி அந்த ஊர் மீன் ஏலக் கரையில் நின்று, பட்டியலில் குறி போட்ட கை என்னுடையது, தப்பும் என்னுடையது என்று ஊரறியச் சொல்லிவிட்டுப் புகார் மனு எழுதினார்கள். விசாரணையில் இன்னொரு சாட்சி கேட்டார்கள். இன்னொரு சாட்சி நான்தான். வேலை போய்விடுமே என்ற பயத்தில், அண்ணாச்சி எப்படிக் கூப்பிட்டார்களோ, எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை என்றேன். மனு தள்ளுபடியானது. வேலை பறிபோனது அண்ணாச்சிக்குத்தான்.

வெளியே வந்ததும் அவர்கள் சொன்னது ஒன்றே ஒன்று. “ஒமக்குக் காது நல்லாத்தான வே கேக்கும்.”

அதற்குப் பிறகு அவர்கள் அதைப்பற்றிப் பேசியதே இல்லை. பேசியிருந்தால் தேவலை. பட்டப்பகலில், கிட்டங்கி இரைச்சலுக்கு நடுவே, என் பெயரை யாரோ மெதுவாகக் கூப்பிடுவார்கள். திரும்பிப் பார்த்தால் அண்ணாச்சியின் காலி நாற்காலி. மூன்று வருஷமாகத் திரும்பிக்கொண்டே இருக்கிறேன்.

நேற்றுக் கல்லறைத் தோட்டத்துக்கு, ஓட்டைப் பறிகொடுத்த அந்தப் பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். அவர்கள் பெயரெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒவ்வொன்றையும் இரண்டு தரம், அண்ணாச்சியைப்போலவே உரக்கக் கூப்பிட்டேன். ஒவ்வொருவராக வந்து மண் போட்டார்கள். கடைசியாக நான் போட்டேன். போடும்போது, “அன்னைக்கு எனக்கும் கேட்டுது” என்றேன். குரல் எழும்பவில்லை.

அவர்களில் பக்கத்தில் நின்ற முதியவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். “என்ன வே சொல்லுதீரு? சத்தமாச் சொல்லும்.”

ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அண்ணாச்சி, நிம்மதியாக உறங்குங்கள். இதை அச்சில் கொடுக்கிறேன், என் பெயர் போட்டு. அன்று நீங்கள் மெதுவாகத்தான் கூப்பிட்டீர்கள். ஓட்டுப் போட வந்த பன்னிரண்டு பேரும் திரும்பினார்கள். எனக்குக் கேட்டது.