எரிமலைக்காரர் சொன்னதில் நான் விட்டது

பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தபோது உள்ளே கரிய சேறு ஈரத்தோடு மின்னியது. இரண்டு தோணிக்காரர்கள் அரை நாள் பாடுபட்டு வாவியின் அடியில் அடித்து இறக்கி, மறுபடி இழுத்தெடுத்த குழாய் அது. மேலிருந்து ஒரு சாண் ஆழத்தில், சேற்றுக்கு நடுவே, நாலு விரல் அகலத்துக்கு வெள்ளை மணல் கிடந்தது. உடைந்த சிப்பிகளும் அதற்குள் இருந்தன. பேராசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். மணலின் ஓரத்தைச் சுண்டுவிரலால் தொட்டு, "அழகு" என்றார் ஆங்கிலத்தில். இன்னொரு தடவையும் சொன்னார். தோணிக்காரர்களில் மூத்தவர் என்னைப் பார்த்தார். "என்னவாம் புள்ள?" "ஒண்டுமில்லையாம்" என்றேன். பேராசிரியரின் பேச்சை மொழிபெயர்க்கப் போன நான் மறைத்த முதல் சொல் அந்த 'அழகு'தான்.

அந்த மணல், சுனாமியில் கடல் அடித்த அன்று வந்தது. அதே தண்ணீர்தான் என் தங்கச்சியையும் கொண்டுபோனது. அவளுக்கு ஒன்பது வயது. முதலில் முழங்காலளவு தண்ணீர் வந்து திரும்பியது. வீதியில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் செருப்பைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டாவது தண்ணீருக்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. மூன்று கிழமை அப்பா வாவியோரக் கண்டல் காட்டுக்குள் இடுப்பளவு சேற்றில் இறங்கிக் கம்பால் குத்திக் குத்தித் தேடினார். கிடைக்கவில்லை. அந்தச் சேற்றைத்தான் இந்த மனிதர் குழாயில் எடுத்து வைத்துக்கொண்டு அழகு என்றார்.

அவர் வெட்கப்பட வேண்டும் என்பதற்காகவே அன்று பின்னேரம் வான் வண்டியில் திரும்பும்போது தங்கச்சியின் கதையைச் சொன்னேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். பிறகு கேட்டார்: "முதல் தண்ணீருக்கும் இரண்டாவது தண்ணீருக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? உங்கள் வீட்டுச் சுவரில் எந்த உயரம் வரை ஏறியது?" நானும் பதில் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. அவர் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். என் தங்கச்சி ஒரு வரியாகிவிட்டாள். அந்த நிமிடத்திலிருந்து நான் அவரை வெறுத்தேன்.

ஆரையம்பதியில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். பள்ளி விடுமுறையில், வெளிநாட்டிலிருந்து ஒரு எரிமலை ஆய்வாளர் வருகிறார், சனங்களோடு பேச ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டார்கள், ஒப்புக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் எரிமலை ஏது? மலையே இல்லை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் சனங்கள் ஆறு என்று சொல்கிற வாவி, நடுவில் மணல் திட்டு. அதில்தான் எங்கள் வீடுகள். ஊரில் அவருக்கு எரிமலைக்காரன் என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள்.

அவருடைய ஆய்வு மலை வெடிப்பதைப் பற்றியது மட்டுமல்ல, மலை இடிந்து விழுவதைப் பற்றியது. கடலுக்குள் நிற்கும் எரிமலை தன் சாம்பலையும் கல்லையும் தன் மேலேயே கொட்டிக்கொண்டு வளர்கிறதாம். களத்தில் குவித்த நெல்லைப்போல அது உறுதியில்லாத குவியல். ஒருநாள் ஒரு பக்கம் முழுதாகச் சரிந்து கடலில் இறங்கிவிடலாம். அப்போது எழும் அலைக்கு முன்னால் பெரிய பூமி நடுக்கம் வராது. நடுக்கத்தை வைத்து எச்சரிக்கை கொடுக்கிற கருவிகளுக்கும் அது பிடிபடாமல் போகலாம். கிழக்கே, கடலுக்கு அந்தப் பக்கத்துத் தீவுகளில் அப்படிப்பட்ட மலைகள் நிற்கின்றன. பழைய காலத்தில் அவற்றின் அலை எங்கள் கரைவரை வந்திருக்கிறதா என்பதைத்தான் சேற்றில் தேடினார். ஆழத்தில் நூல் மாதிரி இன்னொரு மணல் கோடும் இருந்தது. அது எதனுடையது என்று கேட்டேன். "இப்போதைக்குத் தெரியாது" என்றார். எதைக் கேட்டாலும் இந்தத் தெரியாதுதான் வந்தது.

ஒருநாள் அவரே ஒரு கதை சொன்னார். இளம் வயதில் ஏதோ ஒரு தீவில், வெடிப்பு அடங்கிய பிறகு, வீடு திரும்பலாமா என்று சனங்கள் கேட்டார்களாம். மலை ஓய்ந்துவிட்டது, பயமில்லை என்று இவருடைய குழு சொன்னதாம். திரும்பிப் போனவர்கள் மேல் மலை சரிந்து விழுந்தது. "அதற்குப் பிறகு பயமில்லை என்ற சொல்லை நான் யாருக்கும் சொன்னதில்லை" என்றார். குரலில் ஒரு அசைவும் இல்லை. தன் வாழ்க்கையையும் இவர் குறிப்புப் புத்தகம் மாதிரித்தான் வாசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வெளியே பார்த்தேன்.

அவர் போவதற்கு முதல் நாள் ஊர்ப் பல்நோக்குக் கட்டடத்தில் கூட்டம் வைத்தார்கள். அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் மாமி, என் அப்பாவின் தங்கை. மீனவப் பெண்கள் சங்கத்தின் தலைவி. கடல் அடித்த அன்று இரண்டு ஆண் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். பேராசிரியர் படங்களைக் காட்டத் தொடங்கியதுமே மாமி எழுந்துவிட்டார்.

"படமெல்லாம் வேணாம் புள்ள. திரும்ப வருமா வராதா, அத மட்டும் சொல்லச் சொல்லு."

கேட்டேன். அவர் நேராக மாமியைப் பார்த்து, "ஒருநாள் வரும். என்றைக்கு என்று எனக்குத் தெரியாது" என்றார். "வருமாம். எப்ப எண்டு தெரியாதாம்" என்றேன். அதில் சொல் பிசகவில்லை. குரலில் மட்டும் கொஞ்சம் இளக்காரம் சேர்த்தேன்.

"தெரியாதெண்டா என்னத்துக்கு வந்தவர்?" மாமியின் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "எங்கட புள்ளையள் கிடக்கிற மண்ணக் குழாயில எடுத்துப் போகவா?"

பின்னால் கதிரைகள் இழுபட்டன. சனம் எழுந்தது. பேராசிரியர் கைகளை உயர்த்தி, என் பக்கம் திரும்பி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "இதை மட்டும் சொல்லுங்கள். பூமி நடுங்கியதாகச் செய்தி வரும் என்று காத்திருக்க வேண்டாம். கடல் வழக்கத்துக்கு மாறாக ஏறினால், அல்லது வற்றினால், அதுவே செய்தி. நின்று பார்க்க வேண்டாம். ஆற்றுப் பக்கம் ஓட வேண்டாம். பள்ளிக்கூட மாடிக்கு ஏறுங்கள்."

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். குழாயும், சுண்டுவிரலும், அந்த அழகு என்ற சொல்லும்தான் என் நினைவில் நின்றன.

"மண் எடுக்க விட்டதுக்கு நன்றியாம்" என்றேன்.

யாரோ காறித் துப்பினார்கள். இரண்டு நிமிடத்தில் மண்டபம் காலி. தன் நீண்ட பேச்சு இவ்வளவு சின்னதாகிவிட்டதை அவர் கவனித்திருந்தார். "எல்லாவற்றையும் சொன்னீர்களா?" என்று கேட்டார். "சொன்னேன்" என்றேன். நம்பவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. தன் நாட்டுக்குப் போன பிறகு மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பினார். மூன்றிலும் அதே கேள்வி, அதே வாக்கியம். மூன்றையும் அழித்தேன். பிறகு அவருடைய கட்டுரை ஒன்றைக் கம்பஸில் படிக்கும் பழைய மாணவி அனுப்பி வைத்தாள். கடைசிப் பந்தியில், கிராமத்தவர்களோடு பேச உதவியதற்காக எனக்கு நன்றி சொல்லியிருந்தார். அது குத்தலா, மரியாதையா என்று தெரியவில்லை. இரண்டுக்குமாகச் சேர்த்து அவரை இன்னும் கொஞ்சம் வெறுத்தேன்.

இந்த வருடம் ஒரு காலை, காற்றும் மழையும் இல்லாத நேரத்தில், கடல் ஏறியது. கரைவலைக்காரர்கள் தங்கும் வாடியைத் தாண்டித் தண்ணீர் வந்தது. கரையில் இழுத்து வைத்திருந்த தோணி ஒன்று தானாக மிதந்தது. சத்தம் கேட்டு நான் ஓடிப்போனபோது ஊரில் பாதி கடற்கரையில் நின்றது. பிள்ளைகள் தண்ணீரில் கால் நனைத்தார்கள். ஆட்கள் கைபேசியில் படம் பிடித்தார்கள். மாமியின் மகள்வழிப் பேத்தி செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு முழங்காலளவு தண்ணீரில் நின்றாள். நான் மாமியிடம் ஓடினேன்.

"மாமி, எல்லாரையும் மேல போகச் சொல்லுங்க."

"என்னத்துக்குகா பதறுறா? போன்ல பார்த்தாச்சி. எங்கயும் நிலம் நடுங்கல்லையாம். நடுங்காம அது வராது."

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடப் பக்கம் ஓடினேன். பின்னால் சிரித்தார்கள். மாடிக்கு ஏறும் இரும்புக் கதவு பூட்டிக் கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, என் கழுத்தைக் கட்டிக்கொண்ட பிள்ளையோடு அங்கேயே நின்றேன். அரை மணித்தியாலத்தில் கடல் இறங்கியது. ஒரு தோணியும் சில வலைகளும் போயின. ஆளுக்கு ஒன்றுமில்லை. என்ன காரணத்தால் ஏறியது என்று இதுவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஆனால் நடுங்காமல் வராது என்று மாமி எவ்வளவு உறுதியாகச் சொன்னார். அது பொய் என்று அந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள் நான். கடலிடம் தங்கச்சியைக் கொடுத்தவள், மற்றவர்களின் பிள்ளைகளை அதே தண்ணீரில் நிற்க விட்டிருந்தேன்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். பேராசிரியர் சொன்னது முழுவதையும், நான் அதை மாற்றிச் சொன்னதையும், மூன்று மின்னஞ்சல்களையும். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், அழவில்லை. அவர்மேல் எனக்கிருந்த கோபம் அப்போதும் போகவில்லை. மணலைத் தொட்டு அழகு என்ற மனிதரை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியாது. ஆனால் அவர் சொன்னது சரி. இரண்டும் ஒன்றாக என்னிடம் இருக்கின்றன.

மாமிதான் முதலில் கேட்டார். "அப்ப இவ்வளவு காலமும் உன்ட கோவத்துக்குள்ள எங்கள வெச்சிருந்திரிக்கா. என்ன?"

"ஓம் மாமி."

"அண்டைக்கு அந்த மனிசன நான் எப்பிடி ஏசின. நீ பக்கத்துல நிண்டு பார்த்துக்கிட்டு இருந்த."

"ஓம்."

மாமி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "சரி. இன்னொருக்காச் சொல்லு. இந்த முற ஒரு சொல்லும் விடாத."

சொன்னேன். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றார்கள். மூன்றாம் தடவையும் சொன்னேன். மறுநாளே மாமி பள்ளி அதிபரிடம் போய்ச் சண்டை பிடித்து மாடிக் கதவுக்கு மூன்று சாவி வெட்டுவித்தார். ஒன்று கோயில் பூசகரிடம், ஒன்று மூத்த தோணிக்காரரிடம், ஒன்று தன்னிடம். அதே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள் நான், என் வீடுதான் அதற்கு மிகக் கிட்ட. எனக்கு ஒன்று தரலாமே என்று யாரோ கேட்டார்களாம். "அவளிட்ட வேணாம்" என்றாராம் மாமி.