மேஜர் சாகாத ஜீப்

“மொக்கம்மா!”

“பிரசன்ட், சார்.”

“பவானி!”

“இங்கனதேன் இருக்கேன். கண்ணு தெரியலையா?”

“பிரசன்ட் சொல்லு. இது பட்டாளம்.”

காலை ஆறு மணிக்குக் கோம்பை பஸ் ஸ்டாப்பில் முத்துக்கருப்பன் இப்படிப் பெயர் வாசித்து முடித்தால்தான் ஜீப் நகரும். பட்டாளம் என்பது பதினாறு பெண்களும் என்னைப் போல மூன்று தடிப்பயல்களும். ஆயுதம், தூக்குச்சட்டி. போர்முனை, கம்பம்மெட்டுக்கு மேலே நாங்கள் கூலிக்குப் போகும் ஏலக்காய்த் தோட்டம். ஒருநாள் வராத இரண்டு பேருக்கும் நான் குரல் மாற்றி ‘பிரசன்ட்’ சொல்லிவிட்டேன். தலைகளை எண்ணினார், கணக்கு உதைத்தது. மனிதர் ஜீப்புக்கு அடியில்கூடக் குனிந்து தேடினார்.

ஐம்பது வயது இருக்கும். காக்கிச் சட்டைக்குக் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார், கீழே லுங்கி. மீசைக்கு மை உண்டு, தலைக்குக் கிடையாது. கேட்டால், “முன்வரிசை தயாரா இருந்தாப் போதும்டா” என்பார்.

இலங்கைக்குப் போன நம் ராணுவத்தில் மேஜர் கர்ணனுக்கு ஜீப் ஓட்டியவர் இவர். மேஜர் மார்க்கையன்கோட்டைக்காரர். எண்பத்தெட்டில் அங்கேயே சண்டையில் இறந்துபோனார். ஊருக்கே தெரிந்த இந்தச் செய்தியை முத்துக்கருப்பன் வாயால் மட்டும் யாரும் கேட்டதில்லை. அவர் கதைகளில் மேஜர் சாவதே இல்லை. மலைப்பாதையின் முதல் வளைவில் கதை தொடங்கிவிடும். மேஜர் குண்டுக்குப் பயப்படமாட்டார், தவளைக்குப் பயப்படுவார். பூட்ஸுக்குள் தவளை இருந்த அன்று டவுசரோடு பானட்டில் ஏறி நின்று, “ஏலே, சுட்டுறாதீகடா! புடிச்சு அங்கன விடுங்கடா!” என்று கத்தினாராம்.

“நேத்து வெள்ளை டவுசருனு சொன்னீகல்ல? இன்னைக்கு டவுசர் மட்டுந்தானா?” என்று பின்னாலிருந்து குரல் வரும். ஒரு சொல் குறைந்தாலும் பெண்கள் விடமாட்டார்கள். வரலாற்றில் இரண்டு முறை தோற்று ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். மேஜர் பாடத்தில் மட்டும் நூற்றுக்கு நூறு.

போன ஐப்பசியில் ஒரு விடிகாலை, கையில் பையோடு ஒரு பெண் ஜீப்பருகே வந்து நின்றாள். பெயர் சினேகா. கோயம்புத்தூரில் படிக்கிறாள். மேஜர் இறந்து நான்கு மாதம் கழித்துப் பிறந்த மகள்.

“அம்மாகிட்டக் கேட்டா அழுதிருவாங்க. அப்பா எப்படிச் செத்தாங்கன்னு பேப்பர்ல இருக்குங்க. எப்படி இருந்தாங்கன்னுதான் யாருக்கும் சொல்லத் தெரியல. நீங்க சொல்லுவீங்கன்னு வந்தேன்.”

முத்துக்கருப்பன் அன்று பெயர் வாசிக்கவில்லை. அவளை முன் சீட்டில் உட்கார வைத்தார். கம்பம்மெட்டில் இறங்கி அவள் திரும்பிவிடுவாள், அதற்குள் சொல்ல வேண்டும். முதல் வளைவு போனது. மூன்றாவது போனது. கியர் மாற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மொக்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “ஏ ஆத்தா, உங்கப்பாவுக்குத் தவளைனா ஆகாது, தெரியுமா?”

அவ்வளவுதான். மேஜரைக் கண்ணால் பார்த்திராத பதினாறு பேரும் ஒரே நேரத்தில் அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். டவுசர் வெள்ளையா கோடு போட்டதா என்று இரண்டு பேர் சண்டைக்கே போய்விட்டார்கள். பவானி எல்லாரையும் அடக்கினாள்.

“உங்கம்மா முழுகாம இருக்காகன்னு கடுதாசி போச்சு பாரு, அன்னைக்கு அங்கன முட்டாயி கெடைக்கல. உங்கப்பா அம்புட்டுப் பட்டாளத்தையும் வரிசையில நிப்பாட்டி, ஆளுக்கு ஒரு கரண்டி சீனி அள்ளிப் போட்டாக. இந்தா வண்டி ஓட்டுற மனுசன் ரெண்டாந்தரமும் வந்து கைய நீட்டியிருக்காரு. ‘ஏலே, எனக்கென்ன ரெட்டப் புள்ளையாடா பெறக்கப் போகுது?’ன்னு கேட்டாகளாம்!”

முத்துக்கருப்பன் சாலையைப் பார்த்தபடியே வாயைத் திறந்தார்.

“ரெண்டு தரம் இல்ல தாயி. மூணு தரம் வாங்கித் தின்னேன்.”

சினேகா சிரித்தாள். வாயைப் பொத்திய சிரிப்பல்ல. முன்பலகையைத் தட்டித் தட்டி, மூச்சு முட்ட, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கிழட்டு ஜீப்பின் இரைச்சலில் பாதிதான் கேட்டது.

ஏற்றத்தின் நடுவே ஜீப் நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்தார். பின்னால் வந்த கேரள பஸ் ஹாரன் அடித்தது. முத்துக்கருப்பன் திரும்பிப் பார்க்காமலே கையை வெளியே நீட்டி, சத்தம் போடாதே என்று காட்டினார்.