தவளை அந்தரத்தில் நின்ற நாள்

கம்ப்யூட்டர் திரையில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்தால் இன்றைக்கும் என் கை தானாகப் போனைத் தேடும். யாராவது கூப்பிடுகிறார்களா என்று பார்க்கும். போனில் கால் வந்தால் நெட் நின்றுபோகிற காலமெல்லாம் மலையேறிவிட்டது. அது எனக்கும் தெரியும். கை கேட்டால்தானே?

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் விடிந்தால் அடைந்தால் தறிச் சத்தம்தான். சத்தம் நின்றால்தான் என்னமோ ஏதோ என்று வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்போம். தெரு முடிகிற இடத்தில் பள்ளிக்கூடம். அம்மாவின் தங்கை, என் சித்தி, அங்கே எங்களுக்குக் கணக்கு டீச்சர். வீட்டில் சித்தி, பள்ளிக்கூட கேட்டைத் தாண்டினால் டீச்சர். அது அவள் போட்ட சட்டம். வாய் தவறி "சித்தி" என்று கூப்பிட்டுவிட்டால் காதைத் திருகாமல் விடமாட்டாள். நானும் வாரத்துக்கு இரண்டு தரமாவது திருகு வாங்கிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை கணக்குப் பாடம் கம்ப்யூட்டர் அறையில் நடக்கும். யாரோ தானமாகக் கொடுத்த எட்டு மிஷின்கள். ஆன்லைனில் ஒரு கேம். பின்னக் கணக்குக்குச் சரியான விடையைத் தொட்டால் ஒரு பச்சைத் தவளை அடுத்த தாமரை இலைக்குத் தாவும். தப்பாகத் தொட்டால் பொத்தென்று தண்ணீரில் விழும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் தவளை பாதித் தாவலில் நின்றுவிடும். நாலு காலையும் பரப்பிக்கொண்டு அந்தரத்தில் தொங்கும். வட்டம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். பொறுமை எனக்கு அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. மவுசைப் போட்டு நாற்பது தரம் அமுக்குவேன். மானிட்டர் முதுகில் நாலு சாத்து சாத்துவேன். பெஞ்சில் உட்கார முடியாமல் எழுந்து நின்று குதிப்பேன். தவளை செய்ய வேண்டிய வேலையை நான் செய்துகொண்டிருந்தேன்.

பக்கத்து மிஷினில் உட்காருகிறவள் என்னைவிட ஒரு படி மேலே. கோமதி அம்மன் கோவில் புற்றுமண்ணை எங்கள் ஊரில் எதற்குத்தான் பூசமாட்டார்கள்? சிரங்கு வந்தால் பூசுவார்கள், பூச்சி கடித்தால் பூசுவார்கள். அவள் ஒரு வெள்ளிக்கிழமை பொட்டலத்தோடு வந்தாள். தண்ணீர் தொட்டுக் குழைத்து, அம்மனைக் கும்பிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியின் நெற்றியில் பட்டையாகப் பூசிவிட்டாள். ஸ்விட்சுக்குள் மண் இறங்கி, அதுவரை சுற்றிக்கொண்டாவது இருந்த வட்டமும் அணைந்துபோனது.

அன்றைக்குத்தான் சர்வீஸ் அண்ணன் முதல் தடவையாக வந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. தோளில் ஒரு கறுப்புப் பை. பெட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, முகத்தை ரொம்பப் பவ்யமாக வைத்துக்கொண்டு, "டீச்சர், இத என்ன தேளு கடிச்சிட்டா?" என்று கேட்டார். சித்தி கையிலிருந்த டஸ்டரால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூக்கெல்லாம் சாக்பீஸ் தூள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் மிஷின்களுக்கு அடிக்கடி சீக்கு வந்தது. வாரம் தவறாமல் ஏதாவது ஒன்று படுத்துவிடும். சித்தி கடைக்குப் போன் போடுவாள். அவர் வந்து ஒயரைத் தொட்டதும் அது எழுந்துவிடும். நல்ல கைராசிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். நான் அவர் பின்னாலேயே அலைந்து ஆயிரம் கேள்வி கேட்டுப் பிராணனை வாங்கினேன். அதனாலோ என்னவோ வித்தை எல்லாவற்றையும் எனக்குத்தான் சொல்லிக்கொடுத்தார்.

"எட்டு மிஷின்லயும் ஒண்ணா தவளைய விட்டா நெட்டு தாங்காது மக்கா. நாலு நாலா விடணும். பின்னால தெறந்து கெடக்கதப் பூரா மூடிறணும். அப்பவும் நின்னா அந்த நெட்டுப் பெட்டி ஒயரப் பிடுங்கி, பத்து எண்ணி, மாட்டு" என்றார். கடைசியாக ஒன்று சொன்னார். "லைனே இல்லேன்னா டீச்சர் போன்லருந்து நெட்டு எடுத்துக்கலாம். ஆனா அதுல யாரும் கூப்பிட்டா நெட்டு நின்னுரும். ஒடனே கட் பண்ணிரணும். யாரா இருந்தாலும் சரி. கேட்டியா?"

கேட்டுக்கொண்டேன். யாராக இருந்தாலும் என்றுதான் அவர் சொன்னார்.

ஆறேழு மாதம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சித்திக்குப் பூ வைக்க ராயகிரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, பிறகு யாரும் மாற்ற முடியாது. காலையிலேயே வாடகை நாற்காலிகள் வந்து இறங்கிவிட்டன. கேசரிக்கு முந்திரி உடைத்துக்கொண்டிருந்தார்கள், நான் பாதியைத் தின்றுகொண்டிருந்தேன். இந்த அமளியில் சித்தி பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டாள். லீவு கேட்டால் தரமாட்டார்கள் என்றாள். அம்மாவுக்கு முகம் சரியில்லை. என்னை அடுக்களைக்குள் இழுத்து, "ஏட்டி, சித்திய விட்டு அங்கிட்டு இங்கிட்டு நகரப்பிடாது. மத்தியானம் மணி அடிச்சதும் கையோட கூட்டிட்டு வந்துரு" என்றாள். சரி சரி என்று ஓடினேன். என் கவலை எனக்கு. மத்தியான மணிக்குள் கேமில் பத்து கட்டத்தையும் முடிக்கிறவர்களைத் தென்காசியில் நடக்கும் போட்டிக்கு அனுப்புவார்கள். நான் எட்டில் நின்றேன். ராயகிரிக்காரர்கள் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன?

அந்த நாளைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. பத்து வருஷம் கழித்து, எனக்கு மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு வந்தபோது, அம்மாவே உள்ளி உரித்துக்கொண்டு சொன்னாள். "அந்த கம்ப்யூட்டர் கடைப் பையன் மதுரையில வேலை கெடச்சி மத்தியான வண்டிக்குப் போறான். இவளையும் கூப்பிட்டிருக்கான். ரெண்டு டிக்கெட் எடுத்து வச்சிக்கிட்டு ஸ்டேஷன்ல நின்னு போன் மேல போன் போட்டிருக்கான் பாத்துக்கோ. நம்ம ஆளுகளும் இல்ல. நல்லவேளை, உன் சித்தி எடுக்கல." என் கையிலிருந்த வெங்காயம் கீழே விழுந்து உருண்டது. சித்தி எடுக்கவில்லை என்பது சரிதான். கட் பண்ணியது யார் என்று அம்மாவுக்குத் தெரியாது.

அன்றைக்குக் கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் நெட் பெட்டியைத்தான் பார்த்தேன். பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. முந்தின நாள்தான் சர்வீஸ் அண்ணன் வந்து ஒயரை எல்லாம் மாற்றிவிட்டுப் போயிருந்தார். குதித்துக்கொண்டு மிஷினைப் போடப் போனேன். சித்தி அந்தப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டாள். பத்து எண்ணுகிறாள் என்று நினைத்தேன். பத்தும் ஆனது, இருபதும் ஆனது. அவள் மாட்டவில்லை.

"டீச்சர், பச்ச லைட்டு எரிஞ்சிச்சே!"

"அது வேண்டாம். என் போன்ல போடுவோம்." சன்னல் ஓரத்து மிஷின் எனக்கு. அங்கேதான் சிக்னல் நன்றாக வரும். போனை என் கையில் வைத்து அழுத்தினாள். "யாரு கூப்பிட்டாலும் கட் பண்ணிரு. என்ட்ட கொண்டாராத."

எட்டாம் கட்டம் முடிகிற சமயம். தவளை கிளம்பியது, நடுவானில் நின்றது. போன் நடுங்கியது. திரையில் 'கம்ப்யூட்டர் சர்வீஸ்' என்று பெயர். எனக்கு ஒரே சந்தோஷம். கேம் நிற்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, சரிபண்ண வழி சொல்லத்தான் கூப்பிடுகிறார்! தலைகால் புரியாமல் கத்தினேன். "சித்தி, சித்தி, சர்வீஸ் அண்ணன்தான் கூப்பிடுதாவ!"

சித்தி கரும்பலகையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. சித்தி என்று கூப்பிட்டதற்குக் காதைத் திருகவும் இல்லை. "கட் பண்ணு" என்றாள்.

கட் பண்ணினேன். தவளை பொத்தென்று இலையில் போய் உட்கார்ந்தது.

மறுபடி வந்தது. மறுபடி கட். நிமிஷத்துக்கு ஒரு தடவை தவளை அந்தரத்தில் தொங்கியது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். வித்தை சொல்லிக்கொடுத்த மனுஷனுக்கே தெரியாதா, கூப்பிட்டால் நெட் நிற்கும் என்று? இடது கையில் போன், வலது கையில் மவுஸ், உயிர் போகிற அவசரத்தில் நான். சித்தி எழுதியதை அழித்தாள். திரும்ப எழுதினாள். அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். போன் நடுங்குகிற ஒவ்வொரு தடவையும் அவள் நடை ஒரு கணம் நின்று, நான் கட் பண்ணியதும் தொடர்ந்தது. போனை அணைத்துப் பைக்குள் போட்டிருக்கலாம். எடுத்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். இரண்டுக்கும் அவளுக்கு மனசு வரவில்லை. அதனால்தான் என் கையில் கொடுத்தாள். இது இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் தவளை ஒன்றுதான்.

பத்தாம் கட்டத்தில் பாதிக் குளம் தாண்டியிருந்தேன். தறிச் சத்தத்தையும் மீறி ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் ஊதியது. நீளமாக ஒரு தடவை. அப்புறம் குட்டையாக ஒரு தடவை.

அதற்குப் பிறகு கேம் நிற்கவே இல்லை. தவளை இலை இலையாகத் தாவிக் கரையேறியது. திரை முழுக்க நட்சத்திரம் கொட்டியது. பிள்ளைகள் கூடிக் கை தட்டினார்கள். "நான் சரி பண்ணிட்டேன்! இனிமே நிக்காது!" என்று பெஞ்சின் மேல் ஏறி நின்று கூவினேன்.

சித்தி என் பக்கத்தில் வந்தாள். திரையைப் பார்க்கவில்லை. "எத்தன தடவ வந்துச்சி?"

"ஒம்போது."

"ஒம்போதா?" என்றாள். என் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தாள். "இப்ப வரலையா?"

"வரல சித்தி. எல்லாம் சரியாயிட்டு."

மணி அடித்தார்கள். பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுக்கு ஓடினார்கள். சித்தியைக் கையோடு கூட்டிப்போக வேண்டும், எனக்குக் கேசரி ஞாபகம் வேறு. அவள் கையைப் பிடித்து இழுத்தேன். நகரவில்லை. "ஏட்டி, சிக்னல் இருக்கான்னு நல்லாப் பாரு" என்றாள். பார்த்தேன். முழுசாக இருந்தது. "சன்னலுக்கு வெளிய நீட்டிப் பாரு." கம்பிக்கு வெளியே கையை நீட்டிப் போனைத் தூக்கிப் பிடித்தேன். தோள் கடுக்கும் வரை பிடித்திருந்தேன். அவள் இறக்கச் சொல்லவில்லை.

கேம்தான் முடிந்துவிட்டதே, இனிமேல் சித்திக்கு எதற்குச் சிக்னல் என்று எனக்கு விளங்கவே இல்லை.