டயரில் இறக்காத காற்று

என் கையெழுத்து மோசம். தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன். எங்கே ‘ர’, எங்கே ‘ற’ என்று இன்றும் தடுமாற்றம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல முடியாததால்தான் எழுதுகிறேன்.

ஜெஞ்சாரோம், பந்திங் பக்கம் என் பழைய டிராக்டரில் வாடகைக்கு உழுகிறேன். ஒரு நிலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தார் ரோட்டில்தான் ஓட்டிப் போக வேண்டும். காற்று குறைந்தால் ரோட்டில் டயர் தேய்ந்துவிடும். அதனால் மலிவாகக் கிடைக்கும் அகலம் குறைந்த பழைய டயர்களை வாங்கி, தேயாமலிருக்கக் கல் மாதிரி காற்றடித்து வைத்திருப்பேன். கிள்ளானில் டயர் மாற்றிக் கொடுத்தவர் அன்றைக்கே சொன்னார்.

“அண்ணே, அகல டயரா போடுங்க. இதுதான் வேணும்னா, நெலத்துல எறங்குறதுக்கு முன்னால கொஞ்சம் காத்த எறக்கிடுங்க. டயர் பரந்து ஒக்காந்தா பாரம் பிரிஞ்சிடும்லா. இல்லன்னா மண்ணு சிமெண்டாயிடும்.”

ஒரு முறை இறக்கியும் பார்த்தேன். சாப்பாட்டுக் கடை முன்னால் மற்ற ஓட்டுநர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

“பாஸ், வண்டி ஏன் குந்திக்கிட்டு போவுது? வயித்தால போவுதா?”

கடையே சிரித்தது. அன்று மாலையே காற்றை நிரப்பினேன். பிறகு இறக்கவே இல்லை.

தங்கையின் கணவர் லோரி வேலையை விட்டுவிட்டு, ஜெஞ்சாரோமில் குத்தகைக்கு நிலம் எடுத்து வெண்டை போட வந்தார். உழுதது நான். மழை விட்ட மறுநாள், ஈரக் களிமண். இரண்டு நாள் காயட்டும் என்று சொல்லத்தான் நினைத்தேன்.

“மச்சான், வெதய ஊறப் போட்டுட்டேன். இன்னிக்கே முடிச்சிக் குடுங்களேன்” என்றார்.

முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காற்றையும் இறக்கவில்லை.

மேல்மண் பொலபொலவென்று அழகாகத்தான் இருந்தது. ஆனால் மழை பெய்தால் சக்கரம் போன தடத்தில் தண்ணீர் நின்றது. செடிகள் முழங்கால் உயரத்தில் மஞ்சளாகி நின்றுவிட்டன. அவர் உரம் போட்டார், மருந்தடித்தார், விதை விற்றவனைத் திட்டினார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அவர் அந்தப் பக்கம் போனதும் ஒரு செடியைப் பிடுங்கினேன். வேர் ஒரு சாண்கூட இறங்காமல் பக்கவாட்டில் மடங்கியிருந்தது. அதை அவர் பார்க்குமுன் வாய்க்காலில் எறிந்தேன்.

அடுத்த போகமும் அப்படியே. நிலத்தை விட்டுவிட்டார். இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியில் காவல் வேலை. தீபாவளிக்கு வந்தவர் சொன்னார்:

“அந்த மண்ணே சரியில்ல மச்சான். உங்க உழவுல நான் ஒரு கொறையும் சொல்ல மாட்டேன்லா.”

தங்கை முறுக்குத் தட்டை நீட்டினாள். எடுத்துத் தின்றேன்.

நல்ல மண்தான் அது. இறுக்கியது என் டயர். இந்தத் தாளை அவரிடம் கொடுத்தாலும் நிலம் திரும்பி வராது. ஆனாலும் கொடுக்க வேண்டும்.

எழுதியது, தீபாவளி கழிந்த மூன்றாம் நாள், வியாழக்கிழமை.