திறக்காதே என்று எழுதிய பெட்டி

பூட்டு செய்கிறவனுக்குச் சம்பளம் உண்டு, பூட்டை உடைக்கிறவனுக்குச் சிறை உண்டு. உடைத்துப் பார்த்து, உடைகிறது என்று எழுதிக் கொடுக்கிறவளுக்கு ரிசப்ஷனில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு.

என் தொழில் அதுதான். முப்பது வருஷம் ஒரு பெண்கள் கல்லூரியில் கணிதம் நடத்திவிட்டு, ஓய்வுக்குப் பிறகு தண்டலத்தில் ஒரு சின்ன சோதனைக்கூடத்துக்கு ஆலோசகராகப் போய்வருகிறேன். கார் ரிமோட்டை அழுத்தினால் கதவு திறக்கிறதே, அந்த ஒரு நொடியில் ரிமோட்டும் காரும் தங்களுக்குள் ஒன்று பேசிக்கொள்கின்றன. நடுவில் ஒட்டுக்கேட்பவனுக்குப் புரியாதபடி அந்தப் பேச்சைக் குலைத்து அனுப்புவதற்குக் குறியாக்கம் என்று பெயர். குலைத்ததைத் திரும்பச் சேர்க்க ரிமோட்டுக்குள் ஒரு ரகசிய எண் இருக்கும். அதைத் திருட உலகத்தில் எங்கேயாவது யாராவது புது வழி கண்டுபிடித்தால், அதே வழியில் நாங்கள் முதலில் திருடிப் பார்ப்போம். பையில் ரிமோட்டோ பேங்க் கார்டோ வைத்திருக்கிற நீங்களும் என்னோடு சேர்ந்து அவதிப்படுகிறவர்கள்தான். உங்களுக்கு அது தெரியாது, அதனால் தூக்கம் வருகிறது.

இங்கே சொல்வதெல்லாம் ஒரகடத்தில் கார் ரிமோட் செய்யும் ஒரே தொழிற்சாலையில் நடந்தவை. எல்லாவற்றுக்கும் நடுவில் கௌசல்யா என்ற பெண்ணின் வேலை ஆடிக்கொண்டிருந்தது. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். லைனில் ரிமோட்டுகளுக்கு ரகசிய எண் ஏற்றும் இடத்தில் நிற்பவள். மூன்று வருஷமாகக் காண்ட்ராக்ட். பொங்கலுக்குள் நிரந்தரக் கடிதம் வந்தால் சரி. வராவிட்டால் ஸ்ரீபெரும்புதூரில் மூன்று பேரோடு சேர்ந்து எடுத்திருக்கும் அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

தயிர்சாதம்

முதல் நாள் கேட்டில் என் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். போனின் கேமரா மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். என் பையில் இருந்தவை, அந்தத் தொழிற்சாலையின் ரகசிய எண்களைத் திருடுவதற்கென்றே செய்யப்பட்ட அளவுக் கருவி, கம்பிகள், ஊசி முனைகள். செக்யூரிட்டிக்காரர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, மரியாதையாகத் திரும்ப உள்ளே வைத்தார். பிறகு டிபன் டப்பாவைத் திறந்தார். அவர் முகம் மாறியது.

இது வெளிச் சாப்பாடு, இதற்கு அனுமதி கிடையாது என்றார். சர்க்கரை வியாதிக்காரி என்று சொல்லிப் பார்த்தேன். டப்பாவைத் தன் மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டு, கருவிப் பையைத் தானே தூக்கி என் தோளில் மாட்டிவிட்டார். "மெஷினு இன்னாவா இருந்தாலும் எட்த்துக்கினு போம்மா. தயிர்சாதத்த வுட்டா என் வேல பூடும்."

உதடு அசைவு

மனசுக்குள் கூட்டல் போடுகிற மாணவிகள் உதட்டை அசைப்பார்கள். சிப்பும் அப்படித்தான். ரகசிய எண்ணை வைத்துக் கணக்குப் போடும்போது அது இழுக்கும் மின்சாரம் மயிரிழை கூடும், மயிரிழை குறையும். அந்த அசைவைக் கருவியில் பிடித்து ஆயிரக்கணக்கான தடவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால், உதட்டைப் படித்த மாதிரி எண் வந்துவிடும். கணிதத்தில் ஒரு கீறலும் இல்லை. கணக்கு போடுகிற வாய்தான் காட்டிக்கொடுக்கிறது. சாப்பாட்டு நேரத்துக்கும் டீ நேரத்துக்கும் நடுவில் ஒரு ரிமோட்டின் எண்ணை முழுசாக எடுத்துவிட்டோம்.

தர மேலாளர் சம்பத் வந்து வரைபடத்தைப் பார்த்தார். நெற்றியில் சந்தனம், கழுத்தில் மூன்று அடையாள அட்டை. எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். அவர் முகத்தில் நிம்மதி பரவியது. "இவ்வளவு பொறுமை இருக்கிறவன் ஏன் மேடம் திருடப் போறான்? நம்மகிட்டயே வேலைக்கு வந்திருப்பானே."

நாளுக்கு ஓர் எண்

வழக்கப்படி இரண்டாவது ரிமோட்டையும் உடைத்தோம். அதே எண். மூன்றாவது, நான்காவது. அதே எண். ஒவ்வொரு ரிமோட்டுக்கும் தனி எண் இருக்க வேண்டும். இங்கே ஒரு நாள் முழுக்க ஒரே எண்ணைப் போட்டிருந்தார்கள். அன்றைக்குச் செய்த ஒரு ரிமோட் கைவசம் இருந்தால், அன்றைக்குச் செய்த அத்தனை காரும் நமக்குச் சொந்தம்.

காரணம் லைனில் இருந்தது. இருபது நொடிக்கு ஒரு ரிமோட் நகர வேண்டும். எண் ஏற்றும் பெட்டி புது எண் உருவாக்கச் சில சமயம் கூட நேரம் எடுக்கும். லைன் நிற்கும், சிவப்பு விளக்கு எரியும். ஒரு ரிமோட்டில் எண் சரியாக ஏறாவிட்டால் அதே எண்ணைத் திரும்ப ஏற்றுவதற்காக அந்தப் பெட்டியில் ஒரு பொத்தான் உண்டு. சூப்பர்வைசர் முனுசாமி, உள்ளூர்க்காரர், அதைக் கண்டுபிடித்துவிட்டார். காலையில் முதல் ரிமோட்டுக்கு மட்டும் புது எண். பிறகு சாயங்காலம் வரை அந்தப் பொத்தான். லைன் நிற்கவேயில்லை. சிறந்த யோசனைக்கான சான்றிதழ் கொடுத்து, கண்ணாடி போட்டு, அந்தப் பெட்டிக்கு நேர் மேலேயே மாட்டியிருந்தார்கள்.

இது தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லையா என்று ஷிப்டு நோட்டைப் புரட்டினேன். கௌசல்யாவின் குண்டுக் கையெழுத்தில் மூன்று இடத்தில் இருந்தது: "பெட்டி ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப ஏற்றுகிறது." ஒவ்வொன்றின் கீழும் முனுசாமியின் கையெழுத்து. அவரிடம் கேட்டேன். அவருக்கு உண்மையாகவே வருத்தம், என் அறியாமையைப் பார்த்து. "இன்னா மேடம் இது, பூட்டு மூடுது, தொறக்குது, லைன் ஓடிக்கினு கீது. நம்பர யாரு பாக்கப் போறா?"

வராத கம்ப்யூட்டர்

புதுப் பெட்டி வாங்கச் சொன்னோம். சிப்பின் மின்சாரத்தில் வேண்டுமென்றே இரைச்சல் கலக்கச் சொன்னோம், உதடு அசைவது தெரியாமல் இருக்க. அந்தத் திரும்ப ஏற்றும் பொத்தானை எடுக்கச் சொன்னோம். கூடவே, இனி வரப்போகும் பெரிய கம்ப்யூட்டர்களாலும் உடைக்க முடியாத புது முறைக்கு மாறச் சொன்னோம். அவை வந்தால் இன்றைய குறியாக்கங்களில் பாதி அப்பளம். கார் பதினைந்து வருஷம் ஓடுகிற பொருள். ரிமோட்டின் பேச்சை இன்றைக்குப் பதிவு செய்து வைப்பவன் நாளைக்குப் படிப்பான்.

சம்பத் கவனமாகக் கேட்டார். தேதி கேட்டார். தேதி யாருக்கும் தெரியாது என்றேன். "அப்ப நான் ரிடையர் ஆனதுக்கு அப்புறம் வர்ற பிரச்சினைன்னு எழுதிக்கலாமா மேடம்?"

சந்தனம், குங்குமம்

ஆனாலும் ரிமோட்டுகளை வாங்கும் கார் கம்பெனி அழுத்தியதால் பெட்டி வந்தது. நல்ல பெட்டி. ஒன்பது நாள் எல்லாக் கருவிகளையும் வைத்துக் குடைந்தோம், ஒரு இலக்கம் கசியவில்லை. மற்ற எண்களை எல்லாம் பெற்றுப்போடும் தாய் எண் அதற்குள் இருந்தது. மூடியைத் திறந்து உள்ளே வெளிச்சம் பட்டால் தாய் எண்ணைத் தானே அழித்துக்கொள்ளும். பிடிபட்ட ஒற்றன் காட்டிக்கொடுக்காமல் இருக்கத் தன் நாக்கைத் துண்டித்துக்கொள்கிற மாதிரி. மூடி முழுக்க ஸ்டிக்கர்: திறக்காதே.

ஆயுத பூஜைக்கு மதியத்தோடு லைனை நிறுத்தி, எல்லா மெஷினையும் துடைத்து, பொரி, பழம், பூசணிக்காயோடு பெண்கள் ஒவ்வொரு மெஷினுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார்கள். எண் ஏற்றும் இடம் கௌசல்யாவுடையது. மூடி மேல் பொட்டு வைக்கக் கை நீட்டினாள். முனுசாமி தடுத்தார். மறு வாரம் ஆடிட். எச்சரிக்கை ஸ்டிக்கரில் கறை இருந்தால் மார்க் போய்விடும். பூஜையில் ஒரு மெஷினை மட்டும் விட்டாலும் ஆகாது. ஆகவே மூடியைத் திறந்து உள்பக்கம் வைக்கச் சொன்னார். திறக்காதே என்று போட்டிருக்கிறதே என்று அவள் கேட்டாள். அது வெளியாட்களுக்கு என்று சொல்லி, ஸ்க்ரூ டிரைவரையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

திறக்காதே என்ற எழுத்து அழுக்காகிவிடக் கூடாது என்பதற்காகத் திறந்தார்கள். இதைவிட நேர்த்தியான தாக்குதலை எந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலும் நான் படித்ததில்லை. விடுமுறை முடிந்து வந்தபோது பெட்டி ஊமை. கௌசல்யாவுக்கு மெமோ: கவனக்குறைவால் சாதனத்தைச் சேதப்படுத்தினாய், விளக்கம் கொடு. அதைப் பிடித்துக்கொண்டு கேன்டீன் வாசலில் என்னிடம் வந்தாள். அழவில்லை. "பொட்டு வச்சதுக்குச் செத்துப்போச்சுன்னு சொல்லுதாங்க மேடம். கோயில்ல தினமும் வைக்காங்களே, சாமி சாகவா செய்யுது?"

மூன்று பங்கு

செத்த பெட்டி ஒரு மணி நேரத்தில் உயிர்த்தெழுந்தது. அப்படி எழுந்திருக்கவே கூடாது. விதிப்படி தாய் எண்ணை மூன்று பங்காக்கி, மூன்று அதிகாரிகள் மூன்று இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். மூன்று பேரும் ஒரே இடத்தில் கூடினால்தான் அது திரும்பப் பிறக்கும். அன்றைக்கு ஒருவர் திருமலையில் இருந்தார், ஒருவர் மருத்துவ விடுப்பில் இருந்தார்.

மூன்றாமவரான சம்பத் தன் அறையில் மாட்டியிருந்த மகாலட்சுமி படத்தைக் கொஞ்சம் நகர்த்தி, பின்னாலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தார். மூன்று பங்கும் ஒரே தாளில், வரிசையாக, அடியில் கோடு போட்டு. அதைப் போனில் படம் பிடித்து, பெட்டி விற்ற கம்பெனிக்காரனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பச்சை விளக்கு எரிந்ததும் என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா மேடம், நான் மட்டும் எழுதி வெக்கலைன்னா இந்தக் கம்பெனி என்ன ஆகியிருக்கும்?"

விசாரணை

ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று ஒரு வரி என் அறிக்கையில் வேண்டும் என்றார்கள். அந்த வரி வந்தால் கௌசல்யாவுக்கு நிரந்தரக் கடிதம் வராது, எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். நான் வேறு வரிகள் எழுதினேன். இந்தத் தொழிற்சாலையில் சோதனையில் தேறியது ஒரே ஒரு பொருள், அந்தப் பெட்டி. திறந்தால் அழிய வேண்டும், திறந்தார்கள், அழிந்தது. தேறாதது, மகாலட்சுமிக்குப் பின்னால் இருந்த உறை. அந்த உறையை வெளியாளான நானே பார்த்துவிட்டதால் தாய் எண்ணை இன்றே மாற்ற வேண்டும். ஏற்கனவே ஒரே எண்ணோடு ரோட்டில் ஓடும் கார்களைப் பற்றியும் இரண்டு பக்கம் எழுதினேன். "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று ஒரு வரி வந்தது. கவனம் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

விசாரணைக்குக் கார் கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி வந்து உட்கார்ந்தார். அதிகம் பேசாத மனுஷன். முனுசாமி, தான் எதுவும் சொல்லவில்லை, அந்தப் பெண்ணாகத் திறந்தது என்றார்.  கௌசல்யா ஷிப்டு நோட்டில் ஆயுத பூஜைத் தேதியைப் பார்க்கச் சொன்னாள். குண்டுக் கையெழுத்தில் இருந்தது: "சூப்பர்வைசர் சொன்னபடி பெட்டி மூடியைத் திறந்து பொட்டு வைக்கப்பட்டது. திறக்காதே என்று ஸ்டிக்கர் உள்ளது." கீழே முனுசாமியின் கையெழுத்து, வால் நீண்டு. அதிகாரி நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார். முனுசாமி அந்தக் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். "கையெழுத்து என்னுதுதான் சார். ஆனா போட்றப்போ யாரு சார் படிச்சிக்கினு இருக்கா?"

மூன்றாவது ஆள்

மெமோவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மன்னிப்பு, வருத்தம் மாதிரி சொற்கள் அந்தக் கடிதத்தில் இல்லை. நான் தேடிப் பார்த்தேன். முனுசாமி வேறு லைனுக்குப் போனார், சான்றிதழையும் கழற்றி எடுத்துக்கொண்டு. கௌசல்யாவின் நிரந்தரக் கடிதம் மார்கழி மழையில் ஒரு நாள் வந்தது. கூடவே கார் கம்பெனி ஒரு நிபந்தனை போட்டிருந்தது: புதுத் தாய் எண்ணின் மூன்றாவது பங்கு அந்த நோட்டு எழுதின பெண்ணிடம் இருக்க வேண்டும். சம்பத் அதை விழுங்கிக்கொண்டார். அவள் பங்கு இருந்த உறைக்கு அரக்கு வைத்து, எல்லோர் முன்னாலும் கொடுத்தார்.

மறுநாள் நான் கடைசி அறிக்கையோடு போயிருந்தபோது அவர் லைனுக்கே வந்தார். குரலைத் தாழ்த்தி, அந்த உறையை எங்கேம்மா வைத்திருக்கிறாய், நீ லீவு போட்டால் ஒரு அவசரத்துக்கு எடுக்க வேண்டியிருக்குமே, மேனேஜர் எனக்குத் தெரிய வேண்டாமா என்று நயமாகக் கேட்டார். கௌசல்யா கையில் இருந்த ரிமோட்டுக்கு எண் ஏற்றி முடித்து, அதை நகர்த்திவிட்டு நிமிர்ந்தாள். "உங்கட்ட சொல்லுததுக்கா சார் மூணு பேர்ட்டப் பிரிச்சுக் குடுத்துருக்கு?"

வராத கம்ப்யூட்டரைத் தடுக்கக் கணிதம் வந்துவிட்டது, பக்கத்து அறை மேனேஜரைத் தடுக்க மட்டும் சங்கரன்கோவிலிலிருந்து ஆள் வர வேண்டியிருக்கிறது.